இழை: ‘கோல்ட் செயின்’ (cold chain, தங்கச் சங்கிலி இல்லை) தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சி, திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம். விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘கோல்ட் செயின்’ 41 இடங்களில் வருகிறது. நான் இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது ‘குளிர்சங்கிலி’. எனக்கே பிடிக்கவில்லை.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போகும் பயணிகள் விமானங்களின் வயிற்றில்தான் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் போகின்றன. பறித்த இடத்திலிருந்து அந்த ஊர்க் கடை வரை குளிர் விடாமல் கொண்டுபோக வேண்டும். கிடங்கு, வண்டி, விமானம் மூன்றும் ஓரளவு சரியாகவே இருக்கும். விமானத்துக்குப் பக்கத்தில் டிராலி வெயிலில் நிற்கிறதே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. போன மே மாதம் ஒரு விமானம் தாமதமாகி, ஏற்றப் போன கறிவேப்பிலைப் பெட்டிகள் கொட்டகைக்கே திரும்பி வந்தன. ஒன்றைத் திறந்தார்கள். தெர்மாகோல் மூடியின் உள்பக்கம் வியர்த்து ஒழுகியது, மேல்கட்டு இலைகளின் ஓரம் கறுத்திருந்தது. தூக்கி வந்த பையன் மோந்து பார்த்துவிட்டு, “கூலிங் விட்டுப்போச்சுண்ணே” என்றான். அவனுக்குப் புரிகிற சொல்தான் வேண்டும்.

கோவை, திங்கள் மதியம்

தம்பி, சங்கிலி நம் சொல் இல்லை. ‘சிருங்கலா’வின் திரிபு. அதைக் கொண்டுவந்து குளிரோடு கட்டுவானேன்? தொடு, தொடர், தொடலை, தொடரி என்று ஒரே வேரில் ஒரு குடும்பமே நமக்கு இருக்கிறது. தொடலை என்றால் தொடுத்த மாலை. பூத்தொடுப்பது போலத்தான் கிடங்கையும் வண்டியையும் விமானத்தையும் தொடுக்கிறோம். முன்னே ‘தண்’ சேருங்கள். குளிர் நடுக்கும், தண்மை காக்கும். ஆகவே ‘தண்தொடரி’. தொடி என்ற வளையலும் இதே வேர் என்பது என் துணிபு. வளையம் வளையமாகக் கோத்தால் சங்கிலிதானே? விரிவாக இரவு எழுதுகிறேன்.

சென்னை, செவ்வாய் காலை

ஐயா, ஏழு பக்கமும் படித்தேன். தொடி வரைக்கும் வந்துவிட்டேன், தோடு வந்ததும் இறங்கிவிட்டேன். தொடரி என்றால் ரயில் என்று இதே குழுவில் நீங்கள்தான் நிலைநாட்டினீர்கள். இப்போது தண்தொடரி என்றால் ஏசி கோச் என்றுதான் தோன்றுகிறது. முன்பதிவு உண்டா?

யாழ்ப்பாணம், செவ்வாய் காலை

சங்கிலியை வடசொல் எண்டு தள்ளிப்போட்டால் 1619 வரை எங்களை ஆண்ட சங்கிலியனை என்ன செய்யிறது? தொடரியன் எண்டு மாத்துவமோ?

பகிடி இருக்கட்டும். இலங்கையிலிருந்து சூரை மீன் ஐஸில் வைத்து விமானத்தில் வெளிநாட்டுக்குப் போகிறது. உறைய வைப்பதில்லை, உறைந்தால் அந்த விலை கிடையாது. ஆகவே எந்தச் சொல் வந்தாலும் ‘உறை’ என்பதை அதற்குள் நுழைக்க வேண்டாம்.

மதுரை, செவ்வாய் மாலை

எல்லோரும் வேரைத் தோண்டுகிறீர்கள், ஒற்றைப் பார்க்க ஆளில்லை.

ஒன்று, தண் + தமிழ் தண்டமிழ் ஆவது போல தண் + தொடரி ‘தண்டொடரி’தான். தண்டம் என்பது போலத் தொடங்கும் சொல்லைச் சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கப் போகிறோமா?

இரண்டு, ‘குளிர்சங்கிலி’ என்று ஒற்று இல்லாமல் எழுதினால் அது குளிர்பானம் போல வினைத்தொகை. குளிர்ந்த, குளிர்கின்ற, குளிரும் சங்கிலி. சங்கிலியா குளிர்கிறது? குளிரைக் காக்கும் சங்கிலி என்றால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வல்லினம் மிக வேண்டும்: குளிர்ச்சங்கிலி, அல்லது குளிர்த்தொடர். ‘த்’தை விட்டால் பொருளே மாறும்.

கூடுதலாக ஒன்று. குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள் வருகின்றன. தினைப்புனத்தில் கிளி ஓட்டுபவை. விளைச்சலைக் காக்கிற கருவிக்கே ‘குளிர்’ என்று பெயர் இருந்திருக்கிறது! இதற்கும் கையேட்டுக்கும் தொடர்பில்லை, தெரியும்.

தூத்துக்குடி, செவ்வாய் இரவு

அரசே கோல்ட் ஸ்டோரேஜைக் குளிர்பதனக் கிடங்கு என்று பலகையில் எழுதுகிறது. அதே வழியில் ‘குளிர்பதனத் தொடர்’ என்று போனால் என்ன? பதம் கெடாமல் காப்பதுதான் பதனம். எங்கள் பக்கம் பனையேறி கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார். தடவாவிட்டால் பொழுது விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் பதனி. கெட்டுப்போகிற சரக்கைக் கெடாமல் இறக்குகிற கலை நமக்குப் புதிதில்லை.

சென்னை, செவ்வாய் இரவு

பதநீர் வேறு, பதனம் வேறு அண்ணாச்சி. ஆனால் ‘குளிர்பதனி’ என்று ஒரு பலகை வையுங்கள், கொட்டகை வாசலில் வரிசை நிற்கும்.

ஒட்டன்சத்திரம், புதன் காலை

நான் ஏற்றுமதி செய்கிறவன், இலக்கணம் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அது ‘கூலிங்’தான். ஏன் விட்டுப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை, சொல்கிறேன். விமானத்தில் எடைக்கு மட்டும் வாடகை இல்லை, பருமனுக்கும் உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 60, 40, 40 அளவுள்ள பெட்டி 16 கிலோ ஆகிவிடும். உள்ளே 11 கிலோ இருந்தாலும் 16-க்குத்தான் கட்டணம். கனமான தெர்மாகோல் போட்டால் பருமன் ஏறும், ஜெல் ஐஸ் கூட்டினால் எடை ஏறும். ஆக இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்போம். அப்புறம் டிராலியைக் குறை சொல்வோம்.

சொல் எதுவானாலும் சரி. ‘ஏர்வே பில்’லை, அதாவது விமானச் சரக்குச் சீட்டை, மட்டும் தமிழாக்கிவிடாதீர்கள். அந்த 11 இலக்க எண்ணைச் சொல்லித்தான் தொலைந்த பெட்டியைத் தேடுகிறோம்.

சிங்கப்பூர், புதன் மதியம்

இங்கே சந்தையில் ‘ஏர்-ஃபுளோன்’, அதாவது விமானத்தில் வந்தது, என்று அட்டை குத்தி விலையை ஏற்றுவார்கள். அதற்கும் யாராவது ஒரு சொல் தாருங்களேன். ‘வான்வந்த’ என்று போட்டால் கறிவேப்பிலை தேவலோகத்திலிருந்து இறங்கியது போல ஆகிவிடும்.

திருச்சி, புதன் இரவு

நன்றி. இரண்டு நாளாக ஒரே ஒரு சோதனைதான் வைத்துப் பார்க்கிறேன்: அந்தச் சொல்லோடு ‘அறுந்தது’ சேர வேண்டும். கையேட்டின் உயிரே “எங்கே அறுந்தது என்று பார்” என்ற பாடத்தில் இருக்கிறது. சங்கிலி அறும். தொடர் அறும். பதனம் அறாது, தண்மையும் அறாது. குளிர்பதனத் தொடர் அறும், ஆனால் 41 இடத்தில் அவ்வளவு நீளம் தாங்காது.

‘குளிர்’ என்பதிலும் ஒரு சிக்கல். சில்லென்று இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். வாழைக்காயை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும், அதைக் கெடுப்பதே குளிர்தான். ஃபுரோசன் சரக்குக்கோ மைனஸ் 18 வேண்டும். அது பெரும்பாலும் கப்பலில் போய்விடும் என்பதால் அந்த அத்தியாயம் சின்னது.

டிரை ஐஸுக்கு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ‘உலர்பனி’ என்றே வைத்துவிட்டேன். மைனஸ் 78 டிகிரியில் திரவமாகாமல் நேராக வாயுவாகிறது. பெட்டியைக் காற்றுப் போகாமல் ஒட்டினால் வெடிக்கும், 9 என்ற அபாயச் சீட்டு கட்டாயம். இதற்குப் பள்ளிப் புத்தகத்தின் ‘பதங்கமாதல்’ போதும்தானே?

கோவை, வியாழன் அதிகாலை

போதும். பதங்கம் சித்த மருத்துவச் சொல், அகமருந்து வகைகளில் ஒன்று. அதை எடுக்கத் தெரிந்தவர்களுக்குத் தண்டொடரி மட்டும் கசக்கிறதா? இன்று சிரிப்பார்கள், பத்து ஆண்டில் பழகும். பேருந்துக்கும் சிரித்தார்கள்.

சென்னை, வியாழன் காலை

பேருந்தில் ஏறிப் போகலாம் ஐயா. பையன் வெயிலில் டிராலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மட்டுறுத்துநர், வியாழன் மாலை

நாளை அச்சு. கைதூக்கியவர்கள்: குளிர்த்தொடர் 5, குளிர்பதனத் தொடர் 3, தண்டொடரி 1. ‘கூலிங்’குக்குத் தனிமடலில் ஒருவர் வாக்களித்திருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார். குளிர்த்தொடர் என்றால் குளிர்காலத்தில் வரும் டிவி சீரியல் போல இருக்கிறது என்ற யாழ்ப்பாணத்து ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

திருச்சி, சனிக்கிழமை

அச்சாகி வந்துவிட்டது. முதல் பக்கத்தில் “குளிர்த்தொடர், அதாவது கூலிங் விடாமல் கொண்டுபோகும் வழி” என்று எழுதிவிட்டேன். ஒரு வருத்தம்: அச்சகத்தில் யாரோ ‘திருத்தி’ 41 இடத்திலும் ‘குளிர் தொடர்’ என்று ஒற்றில்லாமல் பிரித்துவிட்டார்கள்.

மதுரை, சனிக்கிழமை

பிரித்தாலும் ‘த்’ வேண்டும் தம்பி. இப்போது அது குளிரைத் தொடரச் சொல்லும் கட்டளை. பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட முடியுமா?

கோவை, சனிக்கிழமை

தண்டொடரியை எவனாலும் பிரித்திருக்க முடியாது.