செவிப்பறை சீராக இருந்தும் காது வலி: அடுத்து எங்கே பார்ப்பது?

கேள்வி: பயிற்சி மருத்துவர், அரசு மருத்துவமனை

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வலது காது வலியோடு புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக வலி இருப்பதாகவும், சொட்டு மருந்து போட்டும் குறையவில்லை என்றும் சொன்னார். காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பார்த்தபோது செவிக்குழாயில் வீக்கமோ சீழோ இல்லை. செவிப்பறை முத்து நிறத்தில் இருந்தது. அதில் விளக்கொளி பட்டு மின்னும் ஒளிக்கூம்பு, வலது காதில் இருக்க வேண்டியபடி ஐந்து மணித் திசையில் தெளிவாகத் தெரிந்தது. வலது கன்ன எலும்பை அழுத்தியபோது இலேசாக வலிக்கிறது என்றார். அதை வைத்துச் சைனஸ் என்று எழுதலாமா? அவருக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. மறுபடி வரும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

செவிப்பறையைப் பார்த்த அளவில் நீங்கள் எழுதியது போதும். காதுக்குள் ஒன்றுமில்லை என்றால், வலி வேறு இடத்தில் பிறந்து காதில் உணரப்படுகிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். காதுக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம், ஒன்பதாம், பத்தாம் கபால நரம்புகளே பற்களுக்கும் நாக்குக்கும் டான்சிலுக்கும் குரல்வளைக்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதிக்கும் கிளை அனுப்புகின்றன. ஆகவே நாக்கின் அடிப்பகுதியிலோ டான்சிலிலோ வளரும் புற்றுநோய்ப் புண், வாயில் அதிகம் வலிக்காமல் காதில் மட்டும் வலியாகத் தெரியக்கூடும். புகையிலைப் பழக்கம் உள்ளவரின் ஒரு பக்கக் காது வலியில் இதை விலக்கும் வரை பரிசோதனை முடியவில்லை.

காதுமடலின் முன்னுள்ள சிறு மேட்டை அழுத்தியும் மடலை இழுத்தும் பாருங்கள். வெளிக்காது அழற்சியில் இரண்டுமே வலிக்கும். பிறகு அந்த மேட்டுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னால் தாடை மூட்டின் சொடுக்கும் வலியும் விரலுக்கே தெரியும். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றி நடுவில் வைக்கும்போது வலியுள்ள காதில் ஒலி கூடுதலாகக் கேட்டால், அந்தக் காதில் ஒலி கடத்தல் குறைந்திருக்கிறது என்று பொருள். வயது வந்த ஒருவருக்கு ஒரு பக்க நடுக்காதில் மட்டும் நீர் கோத்திருந்தால், மூக்கின் பின்புறத் தொண்டையை எண்டோஸ்கோப்பில் (உள்ளே செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவியில்) பார்க்காமல் அனுப்பக் கூடாது.

சைனஸ் என்று இப்போதே எழுத வேண்டாம். அழுத்தினால் வலிக்கிறது என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. மூக்கில் சீழ், மூக்கடைப்பு, முகத்தில் அழுத்தம், வாசனை குறைதல் ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறையான நெற்றிச் சைனஸைத் தொடும்போது புருவத்தின் உட்பகுதி எலும்புக்கு அடியில் கட்டைவிரலை வைத்து மேல்நோக்கி அழுத்த வேண்டும். கண்விழியை அழுத்திவிட்டால் அந்த வலி எதையும் சொல்லாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் கலந்த நீர் வந்து, கன்னமும் மரத்துப்போயிருந்தால் தாமதிக்காமல் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பதில்: பல் மருத்துவர்

கன்ன எலும்பு வலியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கன்னச் சைனஸின் தரை, மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பற்களை ஒவ்வொன்றாக, பல் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் சுரீரென்று வலித்தால் நோய் அந்தப் பல்லில் இருக்கலாம்.

வாயைப் பார்க்கும்போது ஒரு கையில் டார்ச், மறு கையில் நாக்கழுத்தி என்று நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். செயற்கைப் பற்செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். உதடுகள், இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, அண்ணம் என்று வந்த பிறகு, நாக்கின் நுனியைக் காஸ் துணியால் பிடித்து இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தை முழுவதும் பாருங்கள், பிறகு மறுபக்கம். கடைசிப் பல்லுக்குப் பின்னே நாக்கின் ஓரம் மடிந்திருக்கும் இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கையுறை அணிந்த விரலால் நாக்கின் பக்கத்தையும், ஒரு விரல் வாய்க்குள்ளும் மறு கை தாடைக்கு அடியிலுமாக வாயின் தரையையும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கெட்டிப்பு விரலுக்குச் சிக்கும்.

வெள்ளைத் திட்டைக் காட்டிலும் வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டைக் கண்டால் கூடுதலாக அஞ்ச வேண்டும். பாக்கு மெல்பவர்களின் கன்னம் வெளிறி நார்போல் விறைத்திருக்கும். வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று அறிய, அவருடைய மூன்று விரல்கள் நெடுக்காக வாய்க்குள் நுழைகின்றனவா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் பயாப்சிக்கு (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதற்கு) அனுப்புங்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் நேரமில்லை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

கேட்டவர்: இருவருக்கும் மிக்க நன்றி. அவரை வரச் சொல்லியிருக்கிறேன். நாக்கின் அடிப்பகுதி கண்ணுக்கு எட்டாதே, அங்கே என்ன செய்வது?

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

விரலால் தொட்டுப் பாருங்கள். குமட்டல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகள் உள்ளனவா என்றும் தடவிப் பாருங்கள். ஒன்றும் புலப்படாவிட்டாலும் எண்டோஸ்கோப் வசதியுள்ள எங்கள் பிரிவுக்கு அனுப்புங்கள். கடிதத்தில் ‘காது வலி, செவிப்பறை சீர், புகையிலைப் பழக்கம்’ என்று மூன்றையும் எழுதுங்கள்.