காஸியை மூழ்கடித்தது எது?

நெய்தல்வாசன்:
1971 டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத் துறைமுக வாயிலுக்கு அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காஸியை, நம் கடற்படையின் ராஜ்புத் கப்பலே அழித்தது என்பது என் உறுதியான கருத்து. லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், அருகில் நீர் கலங்குவதைக் கண்டு நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளை வீசியது. சில நிமிடங்களில் எழுந்த பெருவெடியில் கரையோரக் கட்டடங்களின் சன்னல்கள் அதிர்ந்தன. இவ்விரண்டும் தொடர்பின்றி ஒரே இரவில், ஒரே இடத்தில் நிகழ்ந்தன என்பதை எப்படி ஏற்பது?

கலங்கரை71:
அந்தச் "சில நிமிடங்கள்" தான் இடிக்கிறது, நண்பரே. குண்டு வீசிய பிறகு ராஜ்புத் தேடிப் பார்த்தது. எந்தத் தடயமும் கிடைக்காமல் தன் வழியே சென்றது. சிதைவு கப்பலின் முன்பகுதியில், டார்பிடோ என்னும் நீரடி ஏவுகுண்டுகளின் அறை இருந்த பக்கத்தில் காணப்பட்டது. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஸி சிக்கியது என்று பாகிஸ்தான் சொல்வது இதனோடு பொருந்துகிறது. மீனவர்கள் சிதைவுகளைக் கண்டெடுத்த செய்தியை, கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் 3-ஆம் தேதி காலையிலேயே, அதாவது ராஜ்புத் குண்டு வீசுமுன்பே, தன்னிடம் தொலைபேசியில் தெரிவித்தார் என்று அப்போது தரைப்படையின் கிழக்குக் கட்டளையகத்தில் இருந்த ஜெனரல் ஜேக்கப் பின்னாளில் எழுதியதையும் தள்ளிவிட முடியாது.

மரக்கலம்:
கப்பலின் வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படையில் 1945-இல் டையப்லோ என்ற பெயரில் சேர்ந்து, 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக வந்த கப்பல் இது. 1965 போரின்போது அந்நாட்டிடம் இருந்த ஒரே நீர்மூழ்கி இதுதான். பின்னர் வாங்கிய பிரெஞ்சு நீர்மூழ்கிகளுக்கு வங்கக் கடல் வரை வந்து திரும்பும் வீச்சு இல்லாததால், நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி இம்முதிய கப்பலே 1971 நவம்பர் 14-இல் கராச்சியிலிருந்து புறப்பட்டது. மின்கலங்களுக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றோட்டம் குறைந்தால் ஒரு பொறி போதும். முன்புற மின்கலத் தொகுதி டார்பிடோ அறைக்கு அடுத்தே, அதிகாரிகளின் அறைகளுக்குக் கீழே இருந்தது. ஆகவே, முன்பகுதி சிதைந்திருப்பது கண்ணிவெடியை மட்டுமே காட்டும் சான்று ஆகாது.

நெய்தல்வாசன்:
வெடிப்பு உள்ளிருந்து எழுந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குண்டின் அதிர்ச்சியே உள்ளிருந்த வெடிபொருளைத் தூண்டியிருக்கலாம் அல்லவா? ஆழம் குறைந்த நீரில் தப்பிக்க மூழ்கிய கப்பல் தரையில் மோதியும் இருக்கலாம். ஜேக்கப் குறிப்பிடும் நாள், பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னது. விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தை ஒட்டி நிற்பதுபோல் ராஜ்புத்திலிருந்து வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தவர் கிருஷ்ணன். காஸியை அங்கே வரவழைத்த அந்தச் சூழ்ச்சிக்குரிய பெருமையையாவது மறுக்காதீர்கள்.

கலங்கரை71:
அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. என் ஆதங்கம் ஆவணங்களைப் பற்றியது. காஸி தொடர்பான கோப்புகள் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தில் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வந்தபோது மனம் வெதும்பினேன். 2024-இல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் கப்பலின் இருப்பிடத்தைக் கண்டறிந்தது. இறந்தோருக்கு மரியாதையாக எதையும் தொடவில்லை. அது சரியான முடிவு. தொடாமலே படம் எடுக்கலாம்: முன்புறத் தகடுகள் வெளிநோக்கி வளைந்திருக்கின்றனவா, உள்நோக்கியா என்பதை அறிய அது போதும். கமாண்டர் ஸஃபர் முகம்மது கானோடு மாண்ட 90-க்கும் மேற்பட்டோரின் குடும்பங்களுக்கும் அந்தப் படங்கள் போய்ச் சேர வேண்டும்.