அவசரம்: சாய்வெழுத்தில் 'ஓ' கோட்டமாக வருகிறது

மிதிவண்டி77, காலை 9:10
நாளை மறுநாள் எங்கள் மிதிவண்டிக் குழுவின் ஓட்டம். துண்டறிக்கையில் குழுவின் ஆங்கிலப் பெயரைச் சாய்வெழுத்தில் (இட்டாலிக்) போட்டேன், வேகம் தெரிய வேண்டும் என்று. 'ஓ' (O) எழுத்து கோட்டம் விழுந்த சக்கரம் போல நிற்கிறது! நேராக வைத்தால் நல்ல வட்டம். மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

தாளும்மையும், 9:24
எந்த எழுத்துரு? எந்த மென்பொருள்? படம் எங்கே?

ஈயஎழுத்து, 9:31
கோப்பு கெட்டிருக்கும். நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். எனக்கு எப்போதும் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

மிதிவண்டி77, 9:50
பாப்பின்ஸ். மறுபடி இறக்கினேன், அதேதான்.

தாளும்மையும், 9:53
எத்தனை கோப்புகளை நிறுவினீர்கள்? பாப்பின்ஸில் மெல்லியது முதல் தடித்தது வரை ஒன்பது கனங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாய்வு, ஆக 18 கோப்புகள். நேர் எழுத்தை மட்டும் நிறுவிவிட்டுச் சாய்வுப் பொத்தானை அழுத்தினால், பல மென்பொருள்கள் அந்த நேர் எழுத்தையே பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரே கனமுள்ள வட்டத்தை வலப்பக்கம் தள்ளினால் மேல் வலமும் கீழ் இடமும் தடிக்கும், மற்ற இரு மூலைகளும் மெலியும். காம்பஸால் வரைந்தது போன்ற எழுத்தில் இது கண்ணை உறுத்தும். நல்ல வடிவமைப்பாளர் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் திருத்துவார். அந்த உழைப்பு தனிக் கோப்பில்தான் இருக்கிறது.

வெனிஸ்1501, 10:15
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பாப்பின்ஸ் போன்ற எழுத்துருக்களில் இருப்பது சாய்வெழுத்தே அல்ல, சாய்த்த எழுத்து. 1501 இல் ஆல்டஸ் மனூசியஸ் வெனிசில் அச்சிட்ட வர்ஜில் நூலைப் பாருங்கள், கையெழுத்திலிருந்து பிறந்த வடிவம். கில் சான்ஸ் எழுத்துருவில்கூட நேரில் இரண்டடுக்காக உள்ள சிறிய 'ஏ' (a) சாய்வில் ஓரடுக்காகிவிடும். வெறும் கோணத்தை மாற்றுவது சோம்பல்.

ஈயஎழுத்து, 10:28
சோம்பலா? பால் ரென்னரின் ஃப்யூச்சுரா எழுத்துரு, 1927 இல் வந்தது. அதில் நேரிலேயே சிறிய 'ஏ' ஒரு வட்டமும் ஒரு கோடும்தான். அதற்குக் கையெழுத்து வளைவை ஒட்டினால் ஃப்யூச்சுரா ஃப்யூச்சுராவாக இருக்காது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைக்கும் தடித்த ஃப்யூச்சுரா சாய்வைப் பாருங்கள். அந்த அதட்டல் வெனிசுக் கையெழுத்தில் வருமா?

வெனிஸ்1501, 10:41
சுவரொட்டிக்கு அந்தச் சாய்வு சரி. நூலுக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட உதவாது. வடிவம் மாறாமல் கோணம் மட்டும் மாறினால் வாசிப்பவர் கவனிக்காமலே கடந்துவிடுவார்.

ஈயஎழுத்து, 10:47
அவர் கேட்டது துண்டறிக்கை, ஐயா. நூல் அல்ல.

கல்வெட்டு, 11:30
தமிழ் வரியையும் சாய்த்திருக்கிறீர்களா? பாப்பின்ஸில் தமிழ் கிடையாது. மென்பொருள் வேறு எழுத்துருவை எடுத்துச் சாய்த்திருக்கும். 'ழ', 'ற' எல்லாம் விழுவது போல் தெரியும். முக்தா மலர் என்ற தமிழ் எழுத்துருவின் தடித்த எழுத்தில் நேராக வையுங்கள், போதும்.

மிதிவண்டி77, மாலை 5:40
நேர்க் கோப்பு ஒன்றைத்தான் நிறுவியிருந்தேன். சாய்வுக் கோப்பைச் சேர்த்ததும் கோட்டம் போய்விட்டது. தமிழையும் நேராக்கிவிட்டேன். அச்சகத்துக்குக் கிளம்புகிறேன், நன்றி.