பொருள்: ‘ஹேண்ட் ஃபீட்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செந்தூல் பயிற்றுநர் | திங்கள், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைகளில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு லேத் வேலை, அதாவது சுழலும் இரும்பை உளியால் கடையும் வேலை, சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் படிவம் மூன்றோடு நின்றவர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் தமிழில் எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் படிக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றி உளியை நகர்த்தும் ‘ஹேண்ட் ஃபீட்’ பற்றிய இந்த வாரப் பாடத்தின் குறிப்பு வெள்ளி மதியம் அச்சுக்கடைக்குப் போக வேண்டும்.

எங்களிடம் இருப்பது பழைய இங்கிலாந்து லேத். உளியைக் குறுக்கே கொண்டுபோகும் பகுதி குறுக்குச் சறுக்கு. அதை நகர்த்தும் திருகில் அங்குலத்துக்கு 10 புரி. கைப்பிடி வளையத்தில் 100 கோடு. ஒரு கோடு திருப்பினால் உளி ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே போக வேண்டும். ஆனால் திசை மாற்றித் திருப்பினால் 25 கோடு வரை கைப்பிடி சும்மா சுற்றுகிறது, உளி அசைவதே இல்லை. அந்தத் திருகு ஓடும் நட்டைப் பிளந்து நடுவே ஆப்பு வைத்து இறுக்குவது, திருகு முன்னும் பின்னும் ஆடாதபடி அதன் கழுத்தில் த்ரஸ்ட் பேரிங் போடுவது, கோடு நன்றாகத் தெரியும்படி பெரிய வளையம் கடைந்து மாட்டுவது – இவைதான் பாடம்.

தலைப்பை ‘உளித்தாங்கியின் கையூட்டு அமைப்பை மேம்படுத்தும் வழிகள்’ என்று தட்டச்சு செய்து வைத்தேன். ஃபீட் என்றால் ஊட்டு, ஹேண்ட் என்றால் கை. எட்டிப் பார்த்த என் மகள், “அப்பா, லஞ்சம் வாங்கவா வகுப்பு நடத்துறீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

பிறை கடைசல்காரன் | செவ்வாய், காலை 6.05

பசியாறிக்கொண்டே படித்தேன் அண்ணே, காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

எங்கள் பட்டறையில் ஃபீட் என்றால் ஃபீட்தான். முதலாளி தவுக்கேயும் ஃபீட் என்பார், வங்காளதேசத் தம்பியும் ஃபீட் என்பான். ‘ஃபீட் கொடு’, ‘ஃபீட்டைக் குறை’ – இதற்கு மேல் என்ன வேண்டும்? ‘கைஃபீட்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

---

ஆயர் ஈத்தாம் டீச்சர் | செவ்வாய், பகல் 2.30

தம்பி பிறை, பட்டறையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஃபீட் போதும். எழுத்தில் கொடுக்கும்போது அதிலிருந்து வினை பிறக்க வேண்டும், எச்சம் பிறக்க வேண்டும். ‘ஃபீட்டிய’ என்பீர்களா?

ஊட்டு குறையில்லாத சொல். காண் – காட்டு, பூண் – பூட்டு, அதே வழியில் உண் – ஊட்டு. தானாகச் செய்வதைப் பிறரைச் செய்ய வைக்கும்போது ணகர மெய் போய் டகரம் இரட்டிக்கிறது. இவ்வளவு ஒழுங்காக அமைந்த சொல்லை, லஞ்சம் வாங்குகிறவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கையூட்டு என்றால் முதலில் தாயின் கைதான் நினைவுக்கு வர வேண்டும்.

---

பட்டர்வொர்த் ஐயா | செவ்வாய், இரவு 11.48

அன்புடையீர்,

டீச்சர் அம்மையாரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஊட்டுக்கு முன் வேரிலிருந்து தொடங்க வேண்டும். லேத்தைக் கடைசல் பொறி என்கிறோமே, ஏன்? தயிரைக் கடைகிறோம், பாற்கடலைக் கடைந்தார்கள், மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே சொல் வந்தது தற்செயல் அன்று. பழைய கடைசல்காரர் கட்டையைச் சுற்றிக் கயிற்றையோ வில்லின் நாணையோ ஓட்டி, முன்னும் பின்னும் இழுத்தார். கட்டை ஒரு திசையில் மட்டும் சுழலவில்லை. மத்தைப் போலப் போய்ப் போய்த் திரும்பியது. முன்னே வரும் சுற்றில் உளியை வைப்பார், பின்னே போகையில் எடுத்துக்கொள்வார். ஆகவே வாசுகியைக் கயிறாகவும் மந்தரத்தை மத்தாகவும் கொண்டு கடைந்த அந்தப் பாற்கடலே நம் முதல் லேத் எனலாம்.

இனி ஃபீட். அருந்து என்பதன் பிறவினை அருத்து. திருந்து – திருத்து, வருந்து – வருத்து போல. ‘கையருத்து’ எனலாம். லஞ்சத்தின் நிழல் படாத சொல்.

திருகைப் பற்றியும் ஒன்று. குறுக்குச் சறுக்கில் பெரும்பாலும் இடக்கைப் புரிதான் இருக்கும். வலப்பக்கம் சுற்றினால் உளி உள்ளே போக வேண்டுமென்று அப்படிச் செய்கிறார்கள். அதை ‘இடம்புரித் திருகு’ என்று எழுத வேண்டுகிறேன். சங்கின் சொல் நமக்கு இருக்கையில் புதிதாக எதற்கு?

---

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் | புதன், காலை 8.20

ஐயா, சங்கில் ஒரு சிக்கல். நாம் வலம்புரி என்று வணங்கும் சங்கு, உயிரியலார் கணக்கில் இடச்சுருள் சங்கு. வாய்ப்பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கிறோம், அவர்கள் நுனியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். திருகின் சுருளோ எப்படிப் புரட்டினாலும் மாறாது. அந்தக் கணக்கில் வலம்புரிச் சங்குதான் உங்கள் இடக்கைத் திருகு. பிள்ளைகளுக்கு இதை விளக்கப் போனால் மற்றதெல்லாம் மறந்துவிடும்.

‘அருத்து’ என்று போட்டால், அருத்தி என்றால் ஆசை என்று யாராவது ஒருவர் நிச்சயம் எழுதுவார். நானே எழுதிவிட்டேன்.

ஊட்டுக்கு ஆதரவாக ஒன்று. மலாயில் ஃபீட்டுக்குச் சுவாப்பான். ஃபீட் ரேட் என்றால் காடார் சுவாப்பான். சுவாப் என்பது கையால் ஊட்டும் ஒரு கவளம். ‘மாக்கான் சுவாப்’ என்றால் லஞ்சம் வாங்குவது. நம் கையூட்டும் அவர்கள் சுவாப்பும் அப்படியே ஒன்று! தொழிற்பள்ளியில் அந்தச் சொல்லைப் படிக்கும் பிள்ளைகள் சிரிப்பதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதா என்ன?

ஆனாலும் எனக்கு ஊட்டில் ஒரு சந்தேகம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். சோறு நகர்கிறது, குழந்தை தின்கிறது. லேத்தில் நகர்வது உளி, ஆனால் தின்பதும் உளிதான். யார் யாருக்கு ஊட்டுகிறார்கள்? இரும்புக்கு உளியை ஊட்டினால், இரும்பு அல்லவா உளியைத் தின்ன வேண்டும்?

---

பிறை கடைசல்காரன் | புதன், பகல் 12.50

சோற்று நேரத்தில் எழுதுகிறேன். சில இரும்பு நிஜமாகவே உளியைத் தின்னும், அது வேறு கதை.

சார் சொல்வது சரி. உளி போகிறது, அவ்வளவுதான். ‘கைத்திருகல்’ என்று போட்டுவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் அதுவும் சரிவராது. குறுக்கே போவது திருகால். நீளவாக்கில் போவது அப்படியில்லை. அங்கே கைச்சக்கரம் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும், அது படுக்கையில் பதித்த பல்சட்டத்தில் உருண்டு, உளித்தாங்கி ஏறியிருக்கும் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். திருகே கிடையாது.

அண்ணே, அந்த 25 கோட்டைச் சரி பண்ணும்வரை பிள்ளைகளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுங்கள். குறுக்குச் சறுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சறுக்கான மேல் சறுக்கை லேத் அச்சிலிருந்து 5.74 டிகிரி, அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால், திருப்பி வையுங்கள். குறுக்குச் சறுக்கைப் பூட்டிவிட்டு மேல் சறுக்கால் மட்டும் வெட்டட்டும். அந்தக் கோணத்தின் சைன் பத்தில் ஒன்று. அதனால் மேல் சறுக்கை 0.1 மி.மீ. நகர்த்தினால் உளி குறுக்கே 0.01 மி.மீ. மட்டும் இறங்கும். வளையத்தின் கோடு பத்து மடங்கு விரிந்த மாதிரி. விட்டத்தில் குறைவது அதைப்போல இரண்டு மடங்கு என்பதையும் சொல்லிவிடுங்கள், புதுப்பையன்கள் எல்லாரும் அங்கேதான் வேலையைக் கெடுப்பார்கள்.

அப்புறம், கைப்பிடி சும்மா சுற்றுவதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? நாங்கள் ப்ளே என்போம்.

---

ஆயர் ஈத்தாம் டீச்சர் | புதன், பகல் 3.10

வெறுஞ்சுற்று.

---

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் | புதன், பகல் 3.14

அருமை. இதற்கு விவாதமே வேண்டாம்.

---

பட்டர்வொர்த் ஐயா | புதன், இரவு 9.55

ஏற்கிறேன். ஆனால் ‘உளித்தாங்கி’ என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லையே? தாங்கி என்றால் அசையாமல் தாங்குவது. கையில் உளியைப் பிடித்த காலத்தில் அது சரி. உளியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சறுக்கிக்கொண்டே நகரும் தாங்கி வந்ததும் அது வெறும் தாங்கி இல்லை. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் சறுக்குத் தாங்கி, அதை நீளவாக்கில் சீராக நகர்த்தும் வழித்திருகு, மாற்றிப் போடும் பல்சக்கரங்கள் மூன்றையும் ஒரே பொறியில் சேர்த்துத் திருகு வெட்டிக் காட்டினார். அதன்பின் கடைசல்காரரின் கை உளியை விட்டது, கைப்பிடியைப் பிடித்தது. நாம் பெயர் தேடுவதே அந்தக் கைக்குத்தான். ஆகவே ‘உளிச்சறுக்கி’ என்று முன்மொழிகிறேன்.

---

செந்தூல் பயிற்றுநர் | புதன், இரவு 11.30

ஐயா, உளிச்சறுக்கி என்றால் பிள்ளைகள் உளி வழுக்கி விழுந்துவிட்டதாக நினைப்பார்கள். தாங்கியே இருக்கட்டும். திருகு ‘இடக்கைப் புரி’ என்றே இருக்கட்டும்.

இன்று யோசித்ததில் ஒன்று தோன்றியது: செலுத்து. செல் – செலுத்து. அம்பைச் செலுத்துகிறோம், படகைச் செலுத்துகிறோம். நகர்வது எதுவோ அதைத்தான் செலுத்துகிறோம், யார் தின்பது என்ற கேள்வி வராது. அழுத்து – அழுத்தம், திருத்து – திருத்தம் போல செலுத்து – செலுத்தம். கையால் என்றால் கைச்செலுத்தம், மோட்டாரால் என்றால் விசைச்செலுத்தம். ‘செலுத்தம் சுற்றுக்கு 0.2 மி.மீ.’ என்று எழுதிப் பார்த்தேன், கண்ணை உறுத்தவில்லை. ‘ஊட்டம் 0.2’ என்று எழுதினால் சத்துணவுக் கணக்கு மாதிரி இருக்கிறது.

---

பிறை கடைசல்காரன் | வியாழன், காலை 6.10

வரியையும் செலுத்தத்தானே செய்கிறோம் அண்ணே? நேற்று லஞ்சம், இன்றைக்கு வரி. இந்த லேத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நம் பாக்கெட்டில்தான் கை வைக்கிறீர்கள்.

---

செந்தூல் பயிற்றுநர் | வியாழன், இரவு 9.00

நாளை மதியம் அச்சு. இன்று நள்ளிரவு வரை வந்த பதில்களை எண்ணிவிடுகிறேன். தனியே எழுதியவர்களையும் சேர்த்துக்கொள்வேன்.

---

செந்தூல் பயிற்றுநர் | வெள்ளி, காலை 7.45

கைச்செலுத்தம் ஐந்து, கையூட்டம் இரண்டு, கைஃபீட் ஒன்று, கையருத்து ஒன்று. தலைப்பு: ‘உளித்தாங்கியின் கைச்செலுத்தம்: வெறுஞ்சுற்றைக் குறைக்கும் வழிகள்’. முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘கைச்செலுத்தம், அதாவது ஹேண்ட் ஃபீட்’ என்று போட்டிருக்கிறேன். டீச்சர் கோபிக்க வேண்டாம்.

---

ஆயர் ஈத்தாம் டீச்சர் | வெள்ளி, காலை 9.20

கோபமில்லை. செலுத்தம் அமைந்த விதத்தில் பிழை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சார் கேட்ட கேள்விக்கு என் பதிலைக் கேளுங்கள். என் பேத்திக்கு ஊட்டும்போது கரண்டியைத்தான் நகர்த்துகிறேன், அவளை அல்ல. அவளோ பாதி நாள் கரண்டியையே கடிக்கிறாள். ஊட்டுவதில் யார் நகர்கிறார்கள் என்பது ஒருநாளும் இவ்வளவு திட்டமாக இருந்ததில்லை. அடுத்த பதிப்பு வரும்போது ஊட்டத்தை மறுபடியும் கொண்டுவருவேன்.

---

பட்டர்வொர்த் ஐயா | வெள்ளி, பகல் 11.02

கையருத்துக்கு வாக்களித்த அந்த ஒருவர் நானல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் இன்னும் வாக்களிக்கவில்லை, மின்னஞ்சல் தாமதம். என்னையும் சேர்த்து இரண்டு என்று திருத்தவும்.

---

செந்தூல் பயிற்றுநர் | சனி, இரவு 8.35

திருத்திவிட்டேன் ஐயா. முடிவு மாறவில்லை.

இன்று வகுப்பில் நட்டைப் பிளந்து ஆப்பை இறுக்கினோம். நடுவில் 25 கோடு 4 ஆகிவிட்டது. ஆனால் இரண்டு முனைகளுக்கும் போனால் இறுகி நின்றுவிடுகிறது. இத்தனை வருஷமும் நடுவிலேயே வேலை செய்ததால் திருகு அங்கே மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கிறது. நடுவுக்குச் சரியாக இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும், ஓரத்துக்குத் தளர்த்தினால் நடுவில் வெறுஞ்சுற்று. புதுத் திருகு வெட்டாமல் தீராது.

பிறைத் தம்பி, உங்கள் பட்டறையில் இடக்கைப் புரி, அங்குலத்துக்கு 10, ஒன்று வெட்டித் தர முடியுமா? கூலி கொடுக்க வகுப்பில் காசு இல்லை. வேறு ஏதாவது கொடுக்கிறேன்.

---

பிறை கடைசல்காரன் | சனி, இரவு 8.41

ரொட்டி சானாய் இரண்டு, ஆட்டிறைச்சிக் குழம்பு, தே தாரிக். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று டீச்சர் சொல்லட்டும்.