டெக்ஸா கொடுக்காத செல்லிலேயே ஜி.ஆர். உட்கருவுக்குள் நிற்கிறது, எங்கே தவறு?

காட்பாடி_செல்:
வணக்கம். பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி. ஒட்டிய, கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைப் பிடிக்கும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை (ஜி.ஆர்.) ஹீலா என்னும் மனிதப் புற்றுநோய் செல்லில் பார்க்கிறேன். 6 வெல் பிளேட், கவர்ஸ்லிப், வெல்லுக்கு 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (இந்தப் புரதத்தின் மரபணு கொண்ட வட்ட டிஎன்ஏ). டிஎம்ஈஎம் வளர்ப்பு மீடியத்துடன் 10% சாதாரண எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்). 24 மணி நேரம் கழித்து டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா, செயற்கை ஹார்மோன்) 100 நானோமோலார், 30 நிமிடம், பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் (செல்லை அப்படியே உறைய வைத்தல்). டெக்ஸாவைக் கரைக்கும் எத்தனால் மட்டும் கொடுத்த கண்ட்ரோலிலும் உட்கருதான் பச்சையாக இருக்கிறது. மூன்று முறையும் இதேதான். பிளாஸ்மிட் கோளாறா?

பாகாயம்_உயிர்வேதி:
பிளாஸ்மிட்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள், தங்கச்சி. வெறும் ஜி.எஃப்.பி. 27 கிலோடால்டன்தான், உட்கருத் துளையில் தானாகவே போய் வந்து செல் முழுக்கப் பரவித் தெரியும். ஜி.ஆர். 777 அமினோ அமிலம், ஜி.எஃப்.பி.யும் சேர்ந்தால் சுமார் 120 கிலோடால்டன். அவ்வளவு பெரியது சும்மா நுழையாது, இம்போர்ட்டின் என்னும் கடத்திப் புரதம் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். உங்கள் செல்லில் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. ஹார்மோன் இல்லாதபோது ஹெச்எஸ்பி90 என்னும் புரதமும் அதன் துணைப் புரதங்களும் சேர்ந்த கூட்டம் ஏற்பியைச் சைட்டோபிளாசத்தில் வைத்திருக்க வேண்டும்; அதுதான் நடக்கவில்லை. காரணம் உங்கள் சீரம். எஃப்பிஎஸ்ஸில் கார்ட்டிசால் இருக்கிறது. நீங்கள் டெக்ஸா ஊற்றும் முன்பே செல் ஹார்மோன் குடித்துவிட்டது.

செய்ய வேண்டியது இது. டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் செலுத்துவது) முடிந்து 4 முதல் 6 மணி நேரத்தில் மீடியத்தை உறிஞ்சி, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு தடவை கழுவி, சார்க்கோல் ஸ்ட்ரிப் செய்த (கரியால் ஹார்மோன் நீக்கிய) சீரம் 5% போட்ட மீடியத்துக்கு மாற்றுங்கள். குறைந்தது 18 மணி நேரம் அதிலேயே இருக்கட்டும். உள்ளே போன ஏற்பி வெளியே வரும் வேகம் ரொம்பக் குறைவு, இரண்டு மணி நேரம் பட்டினி போட்டால் போதாது.

காட்பாடி_செல்:
நன்றி அண்ணா. ஸ்ட்ரிப் செய்த சீரம் வாங்க நாளாகும். லேபில் நாங்களே செய்துகொள்ளலாமா?

பாகாயம்_உயிர்வேதி:
தாராளமாக. 100 மி.லி. சீரத்துக்கு டெக்ஸ்ட்ரான் பூசிய சார்க்கோல் 2 கிராம். 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகச் சுழல விடுங்கள், நுரை கட்டக் கூடாது. சென்ட்ரிஃபியூஜில் போட்டு மேல்நீரை எடுங்கள். குழாயின் அடியில் கரி மை மாதிரி படிந்திருக்கும், சாய்த்தாலே எழும்பி வரும். பேராசைப்படாமல் கடைசி 2 மி.லி.யை விட்டுவிடுங்கள். முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. நேராக 0.22-இல் போட்டால் பத்து மி.லி.யிலேயே அடைத்துக்கொள்ளும். சார்க்கோல் வளர்ச்சிக் காரணிகள் சிலவற்றையும் இழுத்துவிடுவதால் செல் மெதுவாகத்தான் பெருகும். விதைக்கும்போதே கொஞ்சம் அடர்த்தியாக விதையுங்கள்.

சத்துவாச்சாரி_மைக்ரோ:
2 மைக்ரோகிராம் அதிகம். அளவுக்கு மீறி ஏற்பி உருவானால் ஹெச்எஸ்பி90-உம் துணைப் புரதங்களும் ஈடுகொடுக்காது. 0.3 முதல் 0.5 போதும், மீதியைக் காலி வெக்டரால் (ஏற்பி மரபணு இல்லாத பிளாஸ்மிட்) நிரப்பி மொத்த டிஎன்ஏவை மாற்றாமல் வையுங்கள். எண்ணும்போது கண்ணைப் பறிக்கும் செல்களை விட்டுவிட்டு மங்கலான செல்களை எடுங்கள்.

டெக்ஸா ஸ்டாக்கையும் பாருங்கள். மூலக்கூறு எடை 392.5, எனவே 3.9 மி.கி.யை 10 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே பத்து மடங்கு நீர்க்கச் செய்து, 1 மி.லி. மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போட்டால் 100 நானோமோலார், எத்தனால் 0.1%. கண்ட்ரோலுக்குத் தனி எத்தனால் குப்பி. ஸ்டாக்கைத் தொட்ட டிப் அதில் ஒருமுறை போனாலும் கண்ட்ரோல் கெட்டது.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். புரோட்டோகாலில் அறை வெப்பம் என்றால் 22 முதல் 25 டிகிரி. மே மாதம் வேலூரில் ஏசி இல்லாத பெஞ்சு 35-ஐத் தாண்டும். டெக்ஸா கொடுத்த பிறகு அந்த வெப்பத்தில் கழுவிக்கொண்டிருந்தால் ஏற்பி உட்கருவுக்குள் போகும் கடத்தல் நிற்காது, 5 நிமிடம் என்று நீங்கள் குறிப்பது 12 நிமிடமாகிவிடும். கழுவாமல் மீடியத்தை உறிஞ்சியதும் ஃபிக்ஸ் ஊற்றுங்கள். கரண்ட் போய் வந்த நாளில் இன்குபேட்டரைத் தனி வெப்பமானியால் பாருங்கள். சூட்டு அதிர்ச்சியில் ஹார்மோன் இல்லாமலே ஜி.ஆர். உள்ளே போவது தெரிந்த விஷயம்.

ஆற்காடு_புரதம்:
உட்கரு, சைட்டோபிளாசம் என்று பிரித்து வெஸ்டர்ன் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காணும் சோதனை) செய்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். செல்லை உடைக்கும்போது டிஎன்ஏவில் இறுகப் பிடிக்காத ஏற்பி உட்கருவிலிருந்து ஒழுகி சைட்டோசால் பின்னத்துக்கு வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சைட்டோபிளாசத்தில் இருப்பதாகப் பல வருடம் நம்ப வைத்தது இந்த ஒழுகல்தான்; 1984-இல்தான் அது ஹார்மோன் இல்லாமலும் உட்கருவில் இருப்பது தெளிந்தது. எனவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைச் சைட்டோபிளாசத்துக்கான ஒப்பீட்டுக் கண்ட்ரோலாகவும் வைக்காதீர்கள்.

வெஸ்டர்ன் வேறொன்றுக்கு உதவும். முழு லைசேட்டில் (உடைத்த செல்லின் சாறு) ஜி.எஃப்.பி. ஆன்டிபாடி போட்டு 120 கிலோடால்டன் அருகே பேண்ட் வருகிறதா பாருங்கள். ஹார்மோன் பிடிக்கும் சி முனை வெட்டுப்பட்ட ஏற்பி, சீரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளேயேதான் நிற்கும்.

காட்பாடி_செல்:
சீரத்தை ஸ்ட்ரிப் செய்து, 0.4 மைக்ரோகிராம் பிளாஸ்மிட்டோடு போட்டேன். பேண்ட் 120 அருகே ஒன்றுதான். கண்ட்ரோலில் உட்கரு கருவட்டமாகவும் சுற்றிலும் பச்சையாகவும் தெரிகிறது. டெக்ஸா கொடுத்த 10 நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம், 30-இல் உட்கரு மட்டும். ஆனால் கடத்தல் நடக்காத கண்ட்ரோலாக ஐஸில் டெக்ஸா வைத்த தட்டிலும் சில செல்லில் உட்கரு பச்சை.

பாகாயம்_உயிர்வேதி:
ஐஸில் ஹார்மோன் பிடிக்கும், கடத்தல் நடக்காது. தட்டை ஐஸிலிருந்து எடுத்த பிறகா ஃபிக்ஸ் ஊற்றினீர்கள்? ஐஸ் மேலேயே வைத்து, குளிர்ந்த ஃபிக்ஸை ஊற்றி, முதல் 10 நிமிடம் அங்கேயே விடுங்கள். டெக்ஸா போடும் முன் மீடியமும் தட்டும் 15 நிமிடம் ஐஸில் குளிர்ந்திருக்க வேண்டும்.