ஆஸ்பத்திரிக் குப்பையில் சுழற்சிப் பொருளாதாரம் எல்லாம் நடக்கிற காரியமா?

இரவுப்பணி:
எங்கள் மருத்துவமனையில் கழிவு மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். முதல் கூட்டத்தில் சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது என்று ஒரு மணி நேரம் வட்டம் வட்டமாகப் படம் காட்டினார்கள், தலையில் ஒன்றும் ஏறவில்லை. ரத்தம் பட்ட பஞ்சு, ஊசி, டியூப் இதையெல்லாம் எப்படித் திரும்பப் பயன்படுத்துவது? எரித்துவிடுவதுதானே பாதுகாப்பு? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
ரத்தம் பட்டதை முதலில் விடுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான், அட்டை, தாள், பிளாஸ்டிக் உறை, சாப்பாட்டு மிச்சம். ஆனால் அந்தப் பைக்குள் ரத்தப் பஞ்சு ஒன்று விழுந்தால் போதும், மொத்தமும் தொற்றுக் கழிவுக் கணக்கில் போய்விடும். நாங்கள் ஆபரேஷன் தியேட்டரில் செய்தது இவ்வளவுதான்: நோயாளியை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே கருவி செட்டைப் பிரிக்கிறோம் இல்லையா, அப்போது வருகிற நீல உறை, கையுறைத் தாள், அட்டை எல்லாம் தனிப் பையில். நோயாளி உள்ளே வந்ததும் அந்தப் பையைக் கட்டி வெளியே வைத்துவிடுவோம். அந்த நீல உறை பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், உருக்கி வேறு பொருள் செய்யலாம். முதல் இரண்டு வாரம் தினமும் யாராவது மறப்பார்கள், சண்டை வரும், அப்புறம் பழகிவிடும்.

நீராவி:
எரித்தால் பாதுகாப்பு என்பது பாதிதான் சரி. டிரிப் டியூப், ரத்தப் பை எல்லாம் பெரும்பாலும் பிவிசி என்கிற குளோரின் உள்ள பிளாஸ்டிக், சூடு போதாத உலையில் போட்டால் டையாக்சின் என்கிற நச்சு வரும். தொற்று பட்ட பிளாஸ்டிக்கை ஆட்டோகிளேவ் என்கிற அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்து, துண்டு துண்டாக நறுக்கித்தான் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். நறுக்காமல் கொடுத்தால் சிரிஞ்சைக் கழுவி மறுபடி விற்க ஆள் இருக்கிறார்கள். உடல் பாகங்கள், புற்றுநோய் மருந்துக் கழிவு பக்கம் மட்டும் இந்த யோசனையோடு போகாதீர்கள்.

சிறுநீரகப்_பிரிவு:
எல்லோரும் பையையே பார்க்கிறீர்கள், தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேர டயாலிசிஸுக்கு 120 லிட்டர் திரவம். அதற்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது ஆர்ஓ வடிகட்டி ஒதுக்குகிற தண்ணீர் நோயாளியைத் தொடவே இல்லை, ஆனாலும் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. நாங்கள் அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். பிளம்பரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை.

இரவுப்பணி:
நன்றி. நேற்று வார்டில் நின்று கவனித்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது தொற்றுக் கழிவுத் தொட்டி, சாதாரணத் தொட்டி வாசல் ஓரத்தில். கையில் டிரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நர்ஸ் உறையைப் போட அவ்வளவு தூரம் நடப்பாரா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இடம் இல்லை என்கிறார் சூப்பர்வைசர். இன்று இரவு நானே நகர்த்திப் பார்க்கிறேன்.