மலையேறும்போது சூடேறி ஒயில் கசியும் 650 சிசி எஞ்சின்: எங்கிருந்து தொடங்குவது?

தேயிலைச்சாரல் (தலவாக்கலை):

என் மாமா நெடுங்காலம் ஓட்டிய 650 சிசி இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. காற்றினால் குளிரும் பழைய பிரித்தானிய எஞ்சின். ஒயிலுக்குத் தனித் தாங்கி (டாங்க்) உண்டு. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை போய் வருவதில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது எஞ்சின் கடுமையாகச் சூடேறுகிறது. மூன்றாம் கியரில் முறுக்கினால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் பகுதியில் தட்டும் சத்தம் கேட்கிறது. மேலே வந்து நிறுத்திப் பார்த்தால் வால்வுகளை இயக்கும் தண்டுகள் செல்லும் புஷ்ரொட் குழாய்களின் அடியிலும், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இணைப்புக் கோட்டிலும் ஒயில் வழிந்து, இடது சப்பாத்து வரை நனைந்திருக்கிறது.

ஒரு கராஜில் கொடுத்து, இணைப்புகளை அடைக்கும் கேஸ்கட்டுகளை எல்லாம் மாற்றி, சிலிக்கன் பசையும் தாராளமாகப் பூசி வாங்கினேன். சில நாட்களில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. அத்துடன், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டுக் கிளப்பினால் தரையில் ஒயில் குளமாகத் தேங்குகிறது. எஞ்சினை மறுபடி முழுதாகப் பிரிக்க வேண்டுமா, ஒயில் கூலர் பூட்டினால் போதுமா, இன்னும் தடித்த ஒயில் ஊற்றலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வண்டியை விற்கும் எண்ணம் எனக்குக் கிடையாது.

பழைய_ஸ்பேனர் (அட்டன்):

தம்பி, இப்போதைக்கு எதையும் பிரிக்க வேண்டாம். மலையேறும்போது வழிவதற்குக் காரணம் ஒன்று, நின்ற வண்டியைக் கிளப்பும்போது கொட்டுவதற்குக் காரணம் வேறொன்று. இரண்டிலுமே கேஸ்கட் முதல் குற்றவாளி அல்ல.

உங்கள் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. அவை இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேஸுக்குள் காற்று நிற்கும் இடம் 650 கன சென்ரிமீற்றர் சுருங்குகிறது. அந்தக் காற்றுக்குத் தாராளமாக வெளியேற வழி இல்லாவிட்டால், எந்த இடுக்கு இளகியிருக்கிறதோ அந்த இடுக்கினூடாக ஒயிலையும் தள்ளிக்கொண்டு வரும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இரண்டு ஏற இரண்டு இறங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. மேலும் உங்கள் கிராங்க் கேஸ் நெடுக்காகப் பிளந்த இரு பாதிகளால் ஆனது. இணைப்புக் கோடு ஒயில் நிற்கும் அடிப்பகுதியை ஊடறுத்தே போகிறது. 1969இல் வந்த ஹொண்டா சிபி 750 கிடையாகப் பிளந்த கேஸைக் கொண்டிருந்தது. ஒழுகாத எஞ்சின் என்று அது பெயர் எடுத்ததில் இதற்கும் பங்குண்டு.

ஆகவே முதலில், அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளிர்ப் பிரதேசத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஒயில் போதிய அளவு சூடாவதில்லை. பெற்றோல் எரிவதால் உண்டாகும் நீராவி பிஸ்டனைத் தாண்டி உள்ளே இறங்கி, அங்கேயே குளிர்ந்து, ஒயிலோடு கலந்து வெண்மஞ்சளாகத் தயிர்போல் உறைகிறது. அது குழாயின் வளைவில் சிறிது சிறிதாகப் படிந்து வழியை அடைத்துவிடும். பிற்காலத்தில் யாராவது ஒருவழி ரப்பர் வால்வு பூட்டியிருந்தால், அதன் உதடுகள் விறைத்து ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழாயைச் சுத்தம் செய்து எஞ்சினைக் கிளப்பி வாயில் விரலை வைத்தால், விட்டுவிட்டு வரும் மெல்லிய மூச்சு தெரிய வேண்டும். புகையோடு பலமாக ஊதிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சிலிண்டரைக் கழற்றும் பேச்சை அப்போது எடுக்கலாம்.

நின்ற வண்டியின் கதை வேறு. ஒயில் தாங்கி எஞ்சினை விட உயரத்தில் இருக்கிறது. பம்பிலுள்ள சிறிய குண்டு வால்வு சரியாக அமராவிட்டால், தாங்கி ஒயில் நாளடைவில் கீழே இறங்கிக் கிராங்க் கேஸை நிரப்பிவிடும். இதை அறியாமல் தாங்கியில் அளவு குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றிக் கிளப்புவோர் பலர்; கிளப்பியதும் அத்தனையும் பிரீதராலும் சீல்களாலும் வெளியே வருகிறது. நீண்ட நாள் நின்ற வண்டியென்றால் அடியிலுள்ள வடிகால் நட்டைக் கழற்றி, வழிவதை ஒரு சுத்தமான பாத்திரத்தில் ஏந்தித் தாங்கியில் திரும்ப ஊற்றிவிட்டுக் கிளப்புங்கள். ஒயில் அளவை ஓட்டி நிறுத்திய உடனேயே பார்க்க வேண்டும். ஒயில் வரும் குழாயில் கையால் மூடும் டப் ஒன்றைப் பூட்டச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் ஏற்காதீர்கள். ஒருநாள் திறக்க மறந்து கிளப்பினால் பேரிங்குகள் போய்விடும்.

அந்தச் சிலிக்கன் பசை எனக்குக் கவலை தருகிறது. வெளியே பிதுங்கி நிற்கும் அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஒயில் வடிகட்டியை அடைத்தால் பம்புக்கு ஒயில் வராது. வடிகால் நட்டைக் கழற்றும்போது வடிகட்டியையும் எடுத்துப் பாருங்கள்.

ஊவா_வளைவு (பண்டாரவளை):

மேலே ஐயா கசிவைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் சூட்டைப் பற்றி எழுதுகிறேன். தட்டும் சத்தம் ஏற்றத்தின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காபரேட்டர் வண்டிகள் அந்த உயரத்தில் பெற்றோலை மிகையாகக் குடித்துப் பிளக்கைக் கறுப்பாக்கும். அதைக் கண்டு இங்குள்ளவர்கள் காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாகப் போட்டுவிடுவது வழக்கம். மேலே அது பொருந்தும். அதே வண்டி 500 மீற்றரை ஒட்டிய உயரத்திலுள்ள கம்பளைக்கு இறங்கினால் காற்று அடர்ந்துவிடுகிறது, பெற்றோல் போதாமல் போகிறது, எரிதல் சூடாகிறது. அந்த நிலையில்தான் 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏற்றத்தைத் தொடங்குகிறீர்கள். சத்தம் கீழே தொடங்கி மேலே போகப் போகக் குறைகிறதென்றால் ஜெட்டைச் சந்தேகியுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக இருப்பது நல்லது. வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு.

அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனையான பொயின்டின் குதிப் பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, தீப்பொறி பிந்தி விழும். பிந்திய தீ சைலன்சர் பக்கமாகவே சூட்டைத் தள்ளி ஹெட்டை வேகவைக்கும். மற்றபடி 95 ஒக்டேன் பெற்றோல் போடுங்கள். மூன்றாம் கியரில் திணறவிடாமல் இரண்டாம் கியருக்கு இறங்கி எஞ்சினை இலகுவாகச் சுழலவிடுங்கள். கசிந்த ஒயிலில் செம்மண் ஒட்டிக் குளிர்விக்கும் தகடுகளுக்கிடையில் கம்பளியாகப் படிந்திருக்கும். அதை மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் அடிவரை சுரண்டாமல் சூடு குறையாது.

நான்கு_சிலிண்டர் (நுவரெலியா):

என்னுடையது ஒயிலாலும் குளிரும் ஜப்பானிய 1200 சிசி வண்டி. சுசுகி 1985இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750இல் கொண்டுவந்த அதே முறை; பிஸ்டனின் அடியிலேயே ஒயிலைப் பீச்சிச் சூட்டை எடுக்கும். அத்தகைய எஞ்சினுக்குக் கூலர் உயிர்நாடி. உங்களுடையதற்கு, அதுவும் ஜனவரியில் உறைபனி விழும் எங்கள் ஊரில், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இல்லாத கூலரைப் பூட்டினால் ஒயில் ஒருபோதும் சூடேறாமல் அந்த வெண்மஞ்சள் கட்டி இன்னும் அதிகமாகும். தடித்த ஒயிலும் வேண்டாம். 20W-50 தர ஒயில் போதுமானது; அதைவிடத் தடித்தது விடியற்காலைக் குளிரில் பம்பால் இழுக்க முடியாமல் நிற்கும், கசிவையும் நிறுத்தாது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். பிரீதர் குழாயின் வாய் பின் டயரை நோக்கி இருக்கக் கூடாது. ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது ஈரச் சாலையே போதிய ஆபத்து; அதில் டயரிலும் ஒயில் பட்டால் பிடிமானம் இருக்காது.

தேயிலைச்சாரல்:

மூவருக்கும் நன்றி. பிரீதர் குழாயின் வளைவில் விரல் நீளத்துக்கு மஞ்சள் கட்டி இறுகியிருந்தது. கம்பியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. வடிகட்டியில் சிலிக்கன் துண்டுகளும் சிக்கியிருந்தன. இப்போது விரலை வைத்தால் மூச்சு விட்டுவிட்டு வருகிறது, புகை இல்லை. தட்டும் சத்தம் புசல்லாவைக்கு முன்பே தொடங்கி, லபுக்கலை தாண்டினால் மறைகிறது. பிளக்குகள் வெளுத்திருந்தன, மெயின் ஜெட் கைநூலில் குறிப்பிட்டதை விடச் சிறியது. சரியான ஜெட் போட்டு, டைமிங் பார்த்து ஏறியபோது சத்தம் இல்லை. கிராங்க் கேஸின் கோடும் காய்ந்தே இருந்தது. ஒரு புஷ்ரொட் குழாயின் அடியில் மட்டும் ஈரம் நிற்கிறது. நட்டுகளை இறுக்கினால் சரியாகுமா?

பழைய_ஸ்பேனர்:

முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவிச் சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். ஒயில் காற்றில் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் ஓடுவதால், ஹெட்டின் மேலுள்ள ரொக்கர் மூடியில் கசிவது குழாயின் அடியில் தெரியும். பவுடரில் கறை எங்கே முதலில் ஊறுகிறதோ அதுதான் இடம்.

ஹெட் நட்டுகளை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, குறுக்கு மறுக்கான வரிசையில், கைநூல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்கலாம். ஹெட் சற்று இறங்குவதால் வால்வுகளின் டெப்பட் இடைவெளி குறைந்திருக்கும். அதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் புஷ்ரொட் குழாயின் சீல் கல்லாகிவிட்டது என்று கொள்ளுங்கள், ஹெட்டைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். புதுச் சீல்களுடன் குழாய்களை நிறுத்தி, ஹெட்டை இறுக்காமல் மேலே வைத்தால், ஹெட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும்; அதுதான் சீல் நசியும் அளவு. இடைவெளியே இல்லையென்றால் மறுபடி ஒழுகும். மிகையாக இருந்தால் ஹெட் சரியாக அமராமல் ஹெட் கேஸ்கட் எரியும். எந்தக் கராஜில் கொடுத்தாலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்து அந்த இடைவெளியை உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள்.